நான் அளந்து மூடிய நேர்சரி

படித்த மனிதர் என்று வெள்ளவத்தையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. நான் எந்தப் புத்தகத்திலும் முன்னுரை வாசிப்பதில்லை. முன்னுரை மட்டுமல்ல, பதிப்புரை, அணிந்துரை, யார் எங்கே எதற்காக வெளியிட்டார்கள் என்ற விபரம், எதையும் பார்ப்பதில்லை. நேரே முதலாம் அத்தியாயம். ஒருமுறை ஒரு நூல் வெளியீட்டில், "இந்த நூலின் முன்னுரையே தனி நூலாக வரத்தக்கது" என்று முழங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். அந்த நூலில் முன்னுரையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. நூலாசிரியர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவரும் தன் நூலை முதலாம் அத்தியாயத்திலிருந்துதான் பார்த்திருப்பார் போலும்.

அதெல்லாம் சிரிப்போடு போகிற விஷயம். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன், இதே பழக்கத்தால் கொட்டாஞ்சேனையில் ஒரு நேர்சரி மூடப்பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கல்யாணமாகி முதல் சில வருடங்கள் நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையில் குடியிருந்தோம். எங்கள் மகள் அங்கேதான் நேர்சரிக்குப் போனாள். ஒரு பழைய வீட்டின் முன்ஹோலை வாடகைக்கு எடுத்து ஒரு டீச்சர் நடத்திய நேர்சரி. துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், நடைபாதையில் மரக்கறி விற்பவர்கள், கொச்சிக்கடைப் பக்கம் சாமான் ஏற்றி இறக்குபவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் அங்கே அதிகம். எங்கள் மகள் வீட்டில் ஒரு சொல்லும் பேசாமல் முறைத்துக்கொண்டிருந்த பிள்ளை. அங்கே போன மூன்றாம் மாதம் வாயைத் திறந்தாள். இன்றுவரை மூடவில்லை. பிறகு நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம். டீச்சர் அதே ஹோலில் அடுத்த தலைமுறைக்கு வாயைத் திறக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்.

சித்திரை விடுமுறை முடிந்த ஒரு சனிக்கிழமை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில், அரசாங்கக் கந்தோரிலிருந்து ஊருக்குப் பொதுவாக வந்த, சிங்களத்தில் அச்சடித்த ஒரு அறிவித்தல். பதிவு செய்யாத முன்பள்ளிகள் எல்லாம் பதிவு செய்யவேண்டும், அடுத்த தவணைக்குள் அலுவலர்கள் வந்து பார்ப்பார்கள், முன்பள்ளிகளுக்கான தராதரங்களின்படி இடம் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

"அந்தத் தராதரம்னா என்னென்னு ஒரு பேப்பர் இருக்குமாம் சேர். அத நெட்ல எடுத்துத் தர ஏலுமா? நீங்க எல்லாம் எடுப்பீங்கன்னு அக்கா சொன்னாங்க" என்றார்.

அக்கா என்பது என் மனைவி. அவள் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் ஃபிளாட்ஸில் யாருக்குக் கடந்தகால வினாத்தாள் வேண்டுமென்றாலும், புள்ளித்திட்டம் வேண்டுமென்றாலும், ஆசிரியர் வழிகாட்டி வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறவன். கல்வித் துறைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, அதில் ஒரு காலத்தில் நானும் அகப்பட்டிருந்தேன் என்பது மட்டும்தான். ஆனாலும் யாராவது கேட்டால், "பார்க்கிறன், இரண்டு நாள் தாங்கோ" என்று வைத்தியரைப்போலச் சொல்வேன். இரண்டு நிமிடத்தில் கிடைத்தாலும் இரண்டு நாள் கழித்தே கொடுப்பேன்.

அன்றும் அப்படித்தான் சொன்னேன். டீச்சர் போகும்போது வாசலில் நின்று, நேரே கந்தோருக்கே போய்க் கேட்டால் என்ன என்று கேட்டார். நான் சிரித்தேன்.

இங்கே எங்கள் ஆட்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். அரசாங்கக் கந்தோரில் போய்க் கேட்டால் ஒரு காலையில் முடியும் விஷயத்தை, கேட்காமலே அறிந்துகொள்வதற்கு நாங்கள் மாதக்கணக்கில் பாடுபடுவோம். தெரிந்தவரைப் பிடிப்போம், தெரிந்தவருக்குத் தெரிந்தவரைப் பிடிப்போம், நெட்டில் தேடுவோம். கந்தோர் மேசைக்கு முன்னால் மட்டும் போய் நிற்கமாட்டோம். கேட்டால் கண்ணில் படுவோம், கண்ணில் பட்டால் ஒரு ஃபைல் திறப்பார்கள், திறந்த ஃபைல் மூடாது. போதாததற்கு, மீன்கடையில் தடதடவென்று ஓடும் எங்கள் சிங்களம் கந்தோர்ப் படியேறும்போது தொண்டையில் நின்றுவிடும். ஒரு காலத்தில் இந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருந்தன. காரணங்கள் குறைந்த இடத்திலும் பயத்தை நாங்கள் குறைத்துக்கொள்ளவில்லை.

"நீங்கள் போய்க் கேட்டால், இப்படி ஒரு நேர்சரி இருக்குது எண்டு நீங்களே காட்டிக்குடுத்த மாதிரி ஆகும் டீச்சர். பேசாமல் இருங்கோ. நான் எடுத்துத் தாறன்" என்றேன்.

அன்று மாலையே தேட உட்கார்ந்தேன். அரச இணையத்தளம் ஒன்று சிங்களத்தில் நன்றாகத் திறந்தது. பஸ் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கும் வேகத்தில் நான் அதை வாசித்தால் டீச்சர் ஓய்வுபெற்றுவிடுவார். ஆங்கிலத்தை அழுத்தினால் வெள்ளைத் திரை. தமிழை அழுத்தினால் மறுபடியும் சிங்களமே வந்தது. சரியென்று வெளியே வந்து, தமிழில் தட்டினேன். முன்பள்ளி என்று தட்டினால் யாரோ ஒருவரின் பரிசளிப்பு விழாப் படங்கள். பாலர் பாடசாலை என்று தட்டினால் இன்னும் படங்கள். மழலையர் பள்ளி என்று தட்டினேன். வந்தது பாருங்கள், அழகான ஒரு ஆவணம். மழலையர் பள்ளிகளுக்கான நெறிமுறைகள். அத்தியாயம் அத்தியாயமாக, சுத்தமான தமிழில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.

எழுத்துப்பிழை இல்லை என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். எங்கள் ஊர் அரசாங்கத் தமிழ் எப்படியிருக்கும் என்று பஸ் நிலையப் பலகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நானோ, கடைசியில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். இடையில் 'வட்டாட்சியர்' என்று ஒரு சொல் வந்தது. பிரதேச செயலாளருக்கு என்ன அருமையான தனித்தமிழ் என்று வியந்து, அதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் வட்டாட்சியர் யாரென்று கேட்டாள். உனக்கு வாசிப்புப் போதாது என்றேன்.

வழக்கம்போல முதல் பக்கங்களைத் தள்ளிவிட்டு, கட்டடம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்தேன். அடுத்த வாரம் அதைக் கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். டீச்சர் கேட்டது அந்தக் கடதாசியை மட்டும்தான். நான் அளவு நாடாவும் கொண்டு போனேன்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வரச்சொல்லியிருந்தார். ஹோலில் சின்னக் கதிரைகளை அடுக்கி ஒதுக்கியிருந்தார். சுவர் முழுக்க டீச்சர் தன் கையாலே வரைந்த ஒரு ரயில், அதன் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மிருகம். நான் முழங்காலில் நின்று மூலைக்கு மூலை அளந்தேன். டீச்சர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் பிளேன்டீ கொண்டுவந்து தந்துவிட்டு, காணி அளக்கவா வந்திருக்கிறார் என்று டீச்சரிடம் மெல்லக் கேட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அளந்து முடித்து, ஒரு சின்னக் கதிரையில் கஷ்டப்பட்டு உட்கார்ந்து, அத்தியாயத்தை உரத்து வாசித்தேன். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு இடம் என்று போட்டிருந்தது. ஹோல் காணாது. ஓட்டுக்கூரை ஆகாது, கொங்கிரீட் வேண்டும். தெருவுக்குத் திறக்கும் வாசல் இரண்டு வேண்டும். இங்கே ஒன்றுதான், மற்றது வீட்டுக்காரர் சமைக்கிற குசினியால் போகும். விளையாட்டு முற்றம் வேண்டும். இங்கே முற்றம் என்பது ஒழுங்கைதான், அதில் த்ரீவீல் நிற்கும். ஒவ்வொன்றாக நான் வாசிக்க வாசிக்க, டீச்சர் அந்தந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"அப்ப அவங்க வந்தா மூடச் சொல்லிருவாங்களா சேர்?"

இந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எந்த ஆவணமும் தேவையில்லை. நான் சொன்னது வேறு.

"மூடத்தான் வேணும் டீச்சர். அவங்கள் வந்து பூட்டுறதுக்கு முதல் நீங்களாய் நிப்பாட்டினால் உங்கட மரியாதை மிஞ்சும்."

டீச்சர் அளவு நாடாவைச் சுருட்டி என் கையில் தந்தார். பிறகு, பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் அதையும் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, அளவுகள் எல்லாம் போட்டு, ஒரு அறிக்கையும் தட்டி அனுப்பினேன். நல்ல அறிக்கை. இன்றைக்கு வாசித்தாலும் நடையில் குறை சொல்ல முடியாது.

அந்தத் தவணையோடு நேர்சரி நின்றது. கடைசி நாள் பிள்ளைகளுக்கு கேக் கொடுத்தார் என்று மனைவி மூலம் கேள்விப்பட்டேன். வீட்டுக்காரர் ஹோலை ஒரு பார்சல் கம்பனிக்குச் சாமான் அடுக்கக் கொடுத்துவிட்டார். டீச்சர் காலி வீதியில் ஒரு சேலைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல நேரத்தில் ஒரு கௌரவமான முடிவை எடுக்க உதவினேன் என்று நான் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம், எங்கள் ஃபிளாட்ஸிலேயே ஒரு பெண் பாமன்கடையில் வீடு எடுத்து, வசதியாக ஒரு மொன்டிசோரி தொடங்கப் போவதாகச் சொல்லி என்னிடம் வந்தார். அதே அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தேன். இதோடு பதிவு விண்ணப்பமும் வேண்டும் என்றார் அவர். அது நெட்டில் எங்கேயும் இல்லை. இரண்டு வாரம் தேடினேன். என் பெயர் கெடப்போகிறது என்று நான் வீட்டுக்குள் உலாவிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்.

"கந்தோர் எங்க எண்டு தெரியும்தானே? போய்க் கேட்டால் கடிச்சுப்போடுவினமோ?"

போனேன். வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, சிங்களத்தில் ஒரு வசனத்தைப் பாடமாக்கி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான மேசையில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். என் வசனத்தில் பாதி வருவதற்குள், "தமிழ்லயே சொல்லுங்க சேர்" என்றார். நான் மிகவும் ஏமாந்து போனேன்.

விண்ணப்பத்தைத் தந்தார். கூடவே, மேசையோரத்தில் அடுக்கியிருந்த ஒரு கட்டிலிருந்து சில தாள்களை எடுத்து நீட்டினார். முன்பள்ளித் தராதரங்கள், தமிழில். கேட்டு வருகிறவர்களுக்கு சும்மா கொடுப்பதற்கு வைத்திருக்கிறார்கள். கட்டு உயரமாகவே இருந்தது.

அது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது என்று சொல்லி, என் போனில் இருந்த அத்தியாயத்தைத் திறந்து காட்டினேன். அவர் இரண்டு வரி பார்த்தார். போனைக் கேட்டு வாங்கி, விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். நான் ஒருநாளும் போகாத முதல் பக்கத்தில் நிறுத்தி, என் பக்கம் திருப்பினார்.

"இது எங்கட இல்லயே சேர். இந்தியாவுட."

அங்கே இருந்தது. தமிழ்நாடு என்று பெரிய எழுத்தில், முத்திரையோடு. என் வயதுள்ள ஒருவர் கண்ணாடி இல்லாமலே வாசிக்கக்கூடிய எழுத்து.

அவர் தந்த தாள்களை நின்ற இடத்திலேயே வாசித்தேன். காற்றும் வெளிச்சமும் வரும் அறை, குடிக்க நல்ல தண்ணீர், சுத்தமான மலசலகூடம், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியை. ஓட்டுக்கூரை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இடம் குறைந்த நகரப் பகுதிகளில் பக்கத்திலுள்ள திறந்தவெளியைப் பயன்படுத்தலாம் என்று கூட இருந்தது.

நான் கொட்டாஞ்சேனை ஒழுங்கையின் பெயரைச் சொல்லி, அங்கே ஒரு நேர்சரி இருந்ததே என்று இழுத்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. முந்திய வருடம் தாங்கள் பார்க்கப் போனதாகவும், பூட்டியிருந்ததாகவும், வீட்டுக்காரர் திறந்து காட்டியதாகவும் சொன்னார். டீச்சர் நல்லவர் என்று அயலில் எல்லோரும் சொன்னதால் ஒரு பயிற்சிக்கும் பெயர் எழுதி வைத்திருந்தார்களாம்.

"நல்ல ஹோல் அது. வாசலுக்கு ஒரு கேட் போடுங்கன்னு மட்டும்தான் எழுதியிருப்போம். ஏன் மூடினாங்கன்னு சேருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். சொல்லவேண்டிய நேரத்தில் வராத வார்த்தை அப்போது உடனே வந்தது.

அந்த வாரமே சேலைக்கடைக்குப் போனேன். மனைவி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். டீச்சர் மேல்மாடியில், யாரோ விரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சேலை எடுக்கவா என்று முகம் மலர்ந்து கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மன்னிப்புக் கேட்கும் வசனம் ஒன்றைப் பாடமாக்கித்தான் போயிருந்தேன். அதுவும் பாதியில் நின்றது.

டீச்சர் தாள்களை வாங்கி வாசித்தார். என்னைப்போல அல்ல, முதல் வரியிலிருந்து.

"அப்ப ஓட்டுக்கூரை இருந்தா பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.

"குசினிப் பக்கத்து வாசலு?"

அதுவும் காணும் என்றேன்.

"ஒரு கேட் மட்டும்தானா சேர்?"

கீழே யாரோ ஒரு வாடிக்கையாளர் பச்சை நிறத்தில் எட்டுவகை காட்டச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. டீச்சர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நேர்சரிக்கு வந்துகொண்டிருந்த, சந்தியில் மரக்கறி விற்கும் பெண்ணின் மகளைப் பற்றிச் சொன்னார். மற்றப் பிள்ளைகளைப் பெற்றோர் எப்படியோ வேறு இடங்களில் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தாய்க்கு விடியற்காலையில் கடை, தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. பிள்ளை ஒரு வருடமாகக் கடை மேசைக்குக் கீழே சாக்கின் மேல் இருந்து விளையாடுகிறது. வரும் தையில் முதலாம் வகுப்பு. ஹோலில் இருந்தபோது அது பேசத் தொடங்கியிருந்ததாம். இப்போது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறதாம்.

பிறகு, என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார்:

"நீங்க கெட்டது நெனச்சா செஞ்சீங்க? முழங்கால் போட்டு மூலை மூலையா அளந்தீங்க. இவ்வளவு பாடுபட்டு ஒருத்தர் பார்த்தா அது பிழையா இருக்காதுன்னு நான்தான் நெனச்சேன்."

தாள்களை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய சேர் என்றார். மகள் எப்படியிருக்கிறாள், இன்னும் அதே வாய்தானா என்று விசாரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் வேறு ஹோல் தேடினேன். கிராண்ட்பாஸ் வரைக்கும் நடந்தேன். இடம் இருந்த இடத்தில் வாடகை ஆகாது, வாடகை ஆகிற இடத்தில் பிள்ளைச் சத்தம் ஆகாது. பழைய வீட்டுக்காரரிடமும் போனேன். பார்சல் கம்பனியோடு ஒப்பந்தம் எழுதிவிட்டதாகச் சொல்லி வருந்தினார். கதவு திறந்திருந்தது. பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றுக்கு இடையில் ரயிலின் கடைசிப் பெட்டி மட்டும் தெரிந்தது. அதில் ஒரு ஆமை இருந்தது. அளக்க வந்த அன்று இந்தச் சுவரில் எத்தனை அடி என்று எழுதிக்கொண்டேனே தவிர, ஆமையை நான் கவனிக்கவில்லை. டீச்சரிடம் மறுபடி கேட்டபோது, கடைச் சம்பளம் மாதாமாதம் வருகிறது, வீட்டில் அதை நம்பியிருக்கிறார்கள், இனி ஏலாது சேர் என்றார். வற்புறுத்த எனக்கு உரிமையில்லை.

இப்போதும் காலி வீதியில் அந்தச் சேலைக்கடையைக் கடக்கும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறேன். டீச்சர் என்னிடம் கேட்டது ஒரு கடதாசி, அதைக் கொடுத்துவிட்டுப் பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்திருந்தால், அந்தப் பிள்ளை இன்றைக்கு யாரையாவது கேள்விகேட்டுத் தொல்லைப்படுத்திக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு மட்டும் நடைபாதை மாறினாலும் கூடவே வருகிறது.

போன மாதம், கந்தோரில் தந்த அந்தத் தமிழ்த் தாள்களை ஸ்கேன் பண்ணி, எளிமையாக ஒரு விளக்கமும் நானே எழுதி, இனி யாரும் ஏமாறாதபடி நெட்டில் போடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பயற்றங்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"போடலாம்தான்" என்றாள். "ஆனால், பாவம், ஆரும் நம்பிப்போட்டால்?"